ரேகையும் ரத்தமும்

என் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டிப் பெரியகுளத்துக்கு வாழ வந்தவர். தென்கரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சின்ன இரும்பு உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டே பேசுவார். எங்கள் குடும்ப வரலாறு எனக்கு அந்த 'டொக் டொக்'குக்கு நடுவில்தான் கிடைத்தது.

அதில் ஓயாமல் வருவது ரேகைச் சட்டம். அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதைச் சனங்கள் அப்படித்தான் சொன்னார்கள். 1914 தொடங்கிப் பிறமலைக் கள்ளர் ஊர்களில் அது அமலானது. ஆண்பிள்ளைகளின் விரல்களை மையில் உருட்டிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ராத்திரி ஊரைவிட்டு நகர வேண்டுமென்றால் ராத்திரிச் சீட்டு வேண்டும். "உங்க சீயானுக்குக் கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கும் கச்சேரியிலதான்டா படுக்கை" என்பார் அப்பத்தா. சீயான் என்றால் தாத்தா; கச்சேரி என்றால் போலீஸ் ஸ்டேஷன். உலக்கை ஒரு கணம் நிற்கும். பிறகு வேகமாக விழும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சட்டம் ஒழிய 1947 ஆனது.

அதே வட்டாரத்துக்குப் பின்னாளில் வேறு ஆட்கள் வந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் ரத்த மாதிரி எடுத்தார்கள். உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கத்து இளைஞர் ஒருவரின் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற மரபுக்குறி இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் குறி அது. 2007இல் பிபிசியின் 'ஸ்டோரி ஆஃப் இந்தியா' தொடருக்காக மைக்கேல் வுட் கேமராவோடு அந்த ஊருக்கே வந்தார். பரம்பரையே குற்றம் என்று எழுதப்பட்ட மண்ணில், பரம்பரையைப் பார்த்து உலகம் வியந்தது. திரையில் அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. அப்பத்தா அப்போது இல்லை.

அந்தக் குறியை வைத்து யாரும் சாதிப் பெருமை பேச வேண்டாம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் அது உண்டு. மேலும், அது பல்லாயிரம் ஆண்டுக் கதையைச் சொல்லும். ராத்திரிச் சீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவதால் பெண்களையும் சொல்லாது. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடி வகையறா சொல்லும்போதும் ஆண் பெயர்களே வரிசையாக வருகின்றன. ரேகையிலும் இல்லை, ரத்தத்திலும் இல்லை, வகையறாவிலும் இல்லை என் அப்பத்தா. ஆனால் இவ்வளவையும் நினைவில் வைத்திருந்தவர் அவர்தான்.

1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட்டு இரவுகள் ஓடி, அடிமை வரலாற்றை வீட்டுக்கு வீடு பேசவைத்த 'ரூட்ஸ்' தொடருக்கும் விதை, எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி சிறுவயதில் பாட்டியிடம் கேட்ட கதைகள்தான். நம் ஊர்த் திண்ணைகளில் அப்படி எத்தனை தொடர்கள் பேசி முடிந்து, பேசியவரோடு போயிருக்கும்!

ரேகை வைத்த தலைமுறை போய்விட்டது. அவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கே இப்போது எண்பது வயது. வருகிற சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள் சாமியோடு செல்ஃபி எடுத்த கையோடு, கூட்டத்திலேயே மூத்த கிழவியைத் தேடி உட்காருங்கள். போனில் பதிவு செய்யுங்கள். முதலில் அவருடைய அம்மா பெயரையும், அம்மாவைப் பெற்றவள் பெயரையும் கேளுங்கள்.