நெத்திலி வாசம்

அக்கா மகன் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்து, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே தங்க வந்தான். ஒரு பெட்டியில் துணி, இரண்டு பெட்டியில் டப்பாக்கள். "பயோஹேக்கிங், மாமா" என்றான். ஹேக்கிங் என்று காதில் விழுந்ததுமே என் மனைவி பாஸ்புக்கை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

உடம்பும் ஒரு மெஷின்தானாம். தூக்கம், பசி, ஞாபகம் எல்லாவற்றையும் நாமே திருகி முடுக்கிக்கொள்ளலாமாம். முதல் திருகு, தினம் பதினாறு மணி நேரப் பட்டினி. "மிச்ச எட்டு மணி நேரமும் அடுக்களையை விட்டு நகர மாட்டேங்கிறானே" என்பது அவன் அத்தையின் புகார். புரோட்டீன் டப்பா எப்போது காலியாகும், துவரம்பருப்பு கொட்டி வைக்கலாம் என்று அவள் ஒரு பக்கம் காத்திருந்தாள்.

அஸ்வகந்தா டப்பாவைத் திறந்து என் அம்மாவிடம் காட்டினான். அம்மா முகர்ந்து பார்த்து, "அமுக்கராடா இது. நாட்டு மருந்துக் கடையில கிடைக்குமே" என்றாள்.

"சாப்பிட்டா என்ன ஆகும் பாட்டி?"

"நல்லாத் தூக்கம் வரும். உனக்கு வந்தா எங்களுக்கும் வரும்."

அடுத்தது ஐஸ் குளியல். பிரிட்ஜில் உறைந்த கட்டிகள் ஒரு சொம்புக்கே காணாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், மீனுக்குப் போடுகிற ஐஸ் பாரை உடைத்துச் சாக்கில் கட்டி, என் ஸ்கூட்டரிலேயே கொண்டுவந்தான். மாடியில் நீல டிரம். உள்ளே இறங்கி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தவன், நாற்பதுக்குமேல் எண்களை விட்டுவிட்டு முருகனைக் கூப்பிட்டான். வெளியே வந்தபோது உதடு நாவல்பழ நிறம். சாக்கு அதற்கு முந்தின நாள்வரை நெத்திலி சுமந்த சாக்கு என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு நாள் எங்கள் தெருப் பூனைகள் அவனை பஸ் ஸ்டாப்வரை வழியனுப்பின. புத்தி கூர்மையானதா என்று கேட்டேன். பூனைகளுக்கு ஆகியிருந்தது.

இதெல்லாம் தன் தலைமுறைதான் கண்டுபிடித்தது என்று அவன் நினைப்பு. உடம்போடு மல்லுக்கட்ட வந்த எத்தனையோ பேரை இந்தப் புதுச்சேரி பார்த்துவிட்டது. திரும்பின பக்கமெல்லாம் ஒரு சித்தர் சமாதி. 1910இல் கல்கத்தாவிலிருந்து வந்து கலவை சங்கர செட்டியார் வீட்டில் தங்கியிருந்த அரவிந்தர், அங்கேயே 23 நாள் பட்டினி கிடந்து பார்த்தார். தினம் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருந்தாராம். சோர்வே தெரியவில்லை, சதை குறைவதை ஈடுகட்டத்தான் வழி பிடிபடவில்லை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். முடித்தபோது கஞ்சி, ஜூஸ் என்று படிப்படியாக ஏறாமல், பழைய அளவுச் சாப்பாட்டையே சாப்பிட்டாராம். நான் மெய்சிலிர்த்துப் போய் இதைச் சொன்னால், "எலக்ட்ரோலைட் எடுத்துக்கிட்டாரா மாமா?" என்று கேட்டான்.

அவனை மட்டும் சொல்வானேன்? எங்கள் காலத்தில் பரீட்சை வந்தால் வல்லாரைத் துவையல். தொண்ணூறுகளில் விஸ்வநாதன் ஆனந்த் விளம்பரத்தில் வந்து பிரம்மி மாத்திரையைக் காட்டியதும் அப்பா அதையும் வாங்கினார். வடக்கே பிரம்மி என்ற ஒரே பெயரில் வல்லாரையும் உண்டு, நீர்ப்பிரமியும் உண்டு. எனக்கு இரண்டும் இறங்கியது. அந்தப் பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்பது நினைவில்லை. துவையலின் கசப்பு மட்டும் இன்னும் நாக்கில் நிற்கிறது.

கடைசியாக வந்தது மோதிரம். ராத்திரி எப்படித் தூங்கினோம் என்று காலையில் போனில் மார்க் போடும். அவனுக்கு 58. அந்த 58ஐ நினைத்து நினைத்தே மறுநாள் 51. பார்க்கலாமே என்று நான் விரலில் மாட்டினேன். கணுவைத் தாண்டிப் போய்ச் சிக்கிக்கொண்டது. சோப்பு, தேங்காய் எண்ணெய், நூல் எதற்கும் அசையவில்லை. காலையில் போன் 86 காட்டியது. அவன் மத்தியானத்துக்குமேல் காபியைத் தொடாதவன். குடித்ததில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்குமாம். நானோ ராத்திரி பத்து மணிக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் படுத்தவன்.

மூன்றாம் நாள் வீக்கம் வற்றி மோதிரம் தானாகக் கழன்றது. நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மூன்று நாளாக அவன் போனில் ஏறின மார்க்கைப் பார்த்து நண்பர்களெல்லாம் ரகசியம் கேட்கிறார்களாம்.

"செமஸ்டர் முடியுற வரைக்கும் நீங்களே போட்டுக்குங்க மாமா" என்றான். "ராத்திரி காபியை மட்டும் விட்டுடாதீங்க."