புள்ளலூரின் நான்காம் போர்: ஒரு பூர்வாங்க ஆய்வு

காஞ்சியை அடுத்த புள்ளலூரில் மூன்று போர்கள் நடந்ததாக வரலாற்றறிஞர் கூறுவர். முதலாவது ஏழாம் நூற்றாண்டில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில். மற்றவை 1780, 1781இல், ஐதர் அலிக்கும் கம்பெனிக்கும். மழை தொட்டதும் இரவு ஒன்பது மணிக்குமேல் மொட்டை மாடிகளில் மூளும் நான்காவதை எவரும் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை ஈண்டுக் களைவாம்.

இப்போர் கள்ளிப் பூவால் மூள்வது. வீட்டில் பூக்கும் கள்ளி மூவகைத்து.

ஒன்று, உருண்டைக் கள்ளி. சில கடைகளில் காய்ந்த பூவைத் தலையில் பசை போட்டு ஒட்டி விற்பர். ஆண்டு முழுதும் வாடாமல் பூப்பது இது ஒன்றே.

இரண்டு, சப்பாத்திக்கள்ளி. இதில் வாழும் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுக்க எண்ணி, 1780களின் பிற்பகுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். ஆங்கில அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு அச்சாயமே. 1780இல் கம்பெனித் தளபதி பெய்லியின் படை புள்ளலூரில் அழிந்ததால் வந்த கோட்டுத் தட்டுப்பாடே இதற்குக் காரணம் என்பது என் துணிபு. சான்று இல்லை, மறுப்பாரும் இல்லை. இவ்விரண்டும் அமைந்தால் முனைவர் பட்டமே கிடைக்கும்.

மூன்று, பிரம்மகமலம். அற்றேல், இமயத்துப் பிரம்மகமலம் வேறன்றோ எனின், வேறே. அது சூரியகாந்திக் குடும்பம், உத்தராகண்டின் மாநிலப் பூ. நம் மாடியிலிருப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. ஆயினும் கற்பூரத் தட்டோடு நிற்கும் அத்தையிடம் இதைச் சொல்லலாகாது (ஒப்பிடுக: காபி மறுக்கப்பட்டோர் வாக்குமூலம், மாடிப்படி மரபு, இரண்டாம் படி).

வளர்ப்பு எளிது. இலைபோல் தோன்றும் தண்டில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின், மணலும் மட்கிய எருவும் நிரப்பிய பழைய பெயிண்ட் வாளியில் ஊன்றுக. வாளியடியில் ஓட்டை வேண்டும். நீர் தேங்கினால் அழுகும். உச்சி வெயில் ஆகாது. துண்டைப் பெரும்பாலும் பக்கத்து வீட்டில் கேட்டே வாங்குவர். பகை அங்கே வேர்விடும்.

தொங்கிய மொட்டு, விரியும் நாளன்று கழுத்தை நிமிர்த்தும். இருட்டியபின் இதழவிழ்ந்து, நள்ளிரவில் மணந்து, விடியுமுன் துவளும். அதற்குள் முதலில் விரிந்தது தாய்ச்செடி வீட்டிலா, துண்டு வாங்கிய வீட்டிலா என்று தீர்ந்தாக வேண்டும். இரு வீடும் தாமே வென்றதாக வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் இடும். இதற்கு முன்மாதிரி உண்டு. பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினான் என்கிறது சாளுக்கியரின் 634ஆம் ஆண்டு ஐஹோளே கல்வெட்டு. மகேந்திரன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு, பகைவர் பெயரைச் சொல்லாமல். அப்பெயரை நிரப்பியே சிலர் பணி ஓய்வு பெற்றனர்.

‘சிலர் வீட்டில் மொட்டே உதிர்ந்ததாம்’ என்ற ஸ்டேட்டஸும் பெயர் சொல்லாததே. அது யாரைச் சுட்டும்? (காண்க: பாட்டி, திண்ணையுரை, மூன்றாம் வெற்றிலை, மறுப்பு: அவர் மருமகள், அடுக்களைப் பதிப்பு, குக்கர் விசிலுக்கு முந்தைய பிரதி, இரண்டையும் ஒப்புநோக்கியது: பால்காரர், விரிவுரை, தண்ணீர் சேர்த்துப் பெருக்கிய பதிப்பு.)

தீர்வு அருகிலேயே உள்ளது. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை விதிப்படி நடுவரைத் தேர்க: சொந்த மனை, வயது 35க்கு மேல் 70க்குள். எழுபது கடந்தோர் ஒன்பதுக்கே உறங்குவர். 35 எட்டாதோர் பூவைப் போனில் மட்டுமே பார்ப்பர். சோழர் இதை முன்னுணர்ந்தே கல்லில் வெட்டினர் என்க. இவ்விதிப்படி அமைந்த நடுவர் ஒருவர் இரு மாடியிலும் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, மேலும் ஆய்வு தேவை என்று தீர்ப்பளித்தார்.