மேஜர் துடுப்புப் போடவில்லை

குடும்பத்தோடு வெளியூர் போனால் சண்டை வருவது எதனால்? சோறு, சாமான், யார் பேச்சை யார் கேட்பது என்கிற இந்த மூன்றால்தான். இயற்கையழகைப் பார்த்து யாரும் சண்டை போட்டதில்லை. அமெரிக்காவின் மேற்கே பாலைநிலத்தை அறுத்துக்கொண்டு ஓடும் கொலராடோ ஆற்றில் 1869-ல் நடந்த படகுப் பயணத்தைச் சரித்திரப் புத்தகங்கள் மாபெரும் விஞ்ஞானத் தேடல் என்கின்றன. கூடப் போனவர்களின் நாட்குறிப்புகளைப் படித்தாலோ, மூன்று மாதம் இழுத்த ஒரு குடும்பச் சுற்றுலாவாகத்தான் தெரிகிறது.

தலைவர் மேஜர் ஜான் வெஸ்லி பவல். வயது 35. நிலவியல் பேராசிரியர். உள்நாட்டுப் போரில், 1862-ல் ஷைலோ சண்டையில் குண்டடிபட்டு வலது கையின் கீழ்ப்பாதியை இழந்தவர். ஆகவே அவர் துடுப்புப் போடவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் பின்னாளில் பயணத்தின் கதையைப் புத்தகமாக எழுதி ஊருக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான். துடுப்புப் போட்டவர்களின் கதை அலமாரிகளில் தூங்கியது. இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்த ஓரவஞ்சனைதான்.

குடும்பம் என்று சும்மா சொல்லவில்லை. மேஜரின் தம்பி வால்ட்டர் வந்தார். போரில் கைதியாகிச் சிறைமுகாமில் வதைபட்டு மனம் நொந்தவர். பேசமாட்டார், திடீரென்று பாட ஆரம்பித்துவிடுவார். ஓரமல், செனகா என்று ஹௌலண்ட் சகோதரர்கள் இருவர். மனைவி எம்மா டீன் வரவில்லை. அவர் மேஜருக்குத் தாய்மாமன் மகள், அதாவது நம் கணக்கில் முறைப்பெண். ஊரிலேயே இருந்துகொண்டார், புத்திசாலி. அவர் பெயர் மட்டும் முதல் படகின்மேல் ஏறிக்கொண்டு போனது.

மற்றவர்கள் மலையில் வேட்டையாடித் திரிந்தவர்கள். சமையலுக்கு பில்லி ஹாக்கின்ஸ். பிராட்லி என்றொரு ராணுவ சார்ஜெண்ட். பட்டாளத்திலிருந்து விடுவிப்பதாக இருந்தால் எமலோகத்து ஆற்றிலும் இறங்குகிறேன் என்று சொன்னவராம். கேட்டது கிடைத்தது. ஏறக்குறைய சொன்னதும் கிடைத்தது.

மே 24 அன்று வயோமிங்கில் உள்ள கிரீன் ரிவர் நிலையத்தில் கிளம்பினார்கள். கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முழுமையடைந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதே ரயிலில்தான் சிகாகோவில் செய்த படகுகள் வந்து இறங்கின. பத்து பேர், நான்கு படகு, பத்து மாதத்துக்கு உணவு. கடைசிக் கணக்கைப் பார்த்து அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

படகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று படகுகள் 21 அடி நீளம், கனமான ஓக் மரம். அமைதியான ஏரிக்கும் துறைமுகத்துக்கும் உகந்தவை. துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். எந்தப் பாறையில் மோதப் போகிறோம் என்பது மோதிய பிறகு தெரியும். முன்படகில் மேஜர் நின்று கொடியசைத்து வழி சொல்வார். உயிர்காப்பு அங்கி? ரப்பரில் காற்றடித்து மாட்டுவது ஒன்றே ஒன்று இருந்தது. அது மேஜருடையது.

ஜூன் இரண்டாம் வாரம், லோடோர் பள்ளத்தாக்கு. ஹௌலண்ட் சகோதரர்களும் பிராங்க் குட்மன் என்ற ஆங்கிலேயரும் வந்த 'நோ நேம்' படகு, கொடியைப் பார்க்கத் தவறியதோ என்னவோ, நீர் சீறும் பாய்ச்சலில் இறங்கிப் பாறையில் பட்டுத் துண்டானது. மூவரும் பிழைத்தார்கள். உணவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மேஜரின் கவலை வேறு: உயரம் அளக்கும் பாரமானிகள் மொத்தமும் அந்தப் படகில்தான் இருந்தன. உடைந்த பாதி ஆற்று நடுவே சிக்கியிருந்தது. அடுத்த நாள் இரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்து அங்கே போய், கையை உயர்த்தி ஆரவாரித்தார்கள். விஞ்ஞானக் கருவிகளின் மேல் நம் ஆட்களுக்கு இவ்வளவு பாசமா என்று மேஜர் நெகிழ்ந்தார். பாரமானிகளும் கிடைத்தன, உண்மைதான். ஆரவாரம், மேஜருக்குத் தெரியாமல் ஏற்றி வைத்திருந்த விஸ்கிப் பீப்பாய்க்கு.

ஒரு வாரம் கழித்து முகாம் நெருப்பு காற்றில் பறந்து கரையோரப் புதரைப் பிடித்தது. ஆளாளுக்குப் படகை நோக்கி ஓடினார்கள். ஹாக்கின்ஸ் கடமை தவறாத சமையல்காரர். தட்டு, கரண்டி, கத்தி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடி, கால் தவறி ஆற்றில் விழுந்தார். ஆள் மேலே வந்தார், பாத்திரங்கள் வரவில்லை.

ஜூலை தொடக்கத்தில் குட்மன், பார்த்த ஆபத்து போதும் என்று விடைபெற்றார். மொத்தக் கூட்டத்திலும் தெளிவாக யோசித்தவர் அவர்தான் என்பது என் கட்சி. மிச்சம் ஒன்பது பேர் அடுத்த நாளே ஆற்றுத்திட்டில் யாரோ போட்டிருந்த காய்கறித் தோட்டத்தைக் கண்டார்கள். காய் எதுவும் விளையவில்லை. உருளைக்கிழங்கின் இலையைக் கீரையாகச் சமைக்கலாம் என்று ஓர் இளைஞர் யோசனை சொன்னார். அது விஷ இலை. சற்று நேரத்தில் தின்றவர்கள் மரத்தடியில் சுருண்டு கிடந்தார்கள், பேராசிரியர் உட்பட.

இதே ஜூலையில்தான் உள்ளாடைச் சம்பவம். மேஜர் அளவெடுக்கச் செங்குத்துப் பாறையில் ஏறி, ஒற்றைக் கையால் ஒரு பிடியைப் பற்றியபடி மேலும் போகமுடியாமல், கீழும் இறங்கமுடியாமல் தொங்கினார். மேலே நின்ற பிராட்லியிடம் கயிறில்லை. யோசித்து, தன் நீள உள்ளாடையைக் கழற்றித் தொங்கவிட்டார். மேஜர் இருந்த பிடியை விட்டுவிட்டு அதைப் பற்ற வேண்டும், பற்றினார், பிழைத்தார். அமெரிக்க நிலவியல் துறை அந்தத் துணிக்குக் கடன்பட்டிருக்கிறது. பிராட்லி குறிப்பில் இது ஜூலை 8. மேஜர் புத்தகத்தில் இது ஜூனுக்கு நகர்ந்து, வேறொரு அழகான பாறைக்கும் இடம் மாறிவிட்டது. நல்ல கதைக்கு நல்ல பின்னணி வேண்டாமா!

அதன்பின் கதை முழுக்க வயிற்றைப் பற்றியது. மாவு நனைந்து கட்டிபிடித்தது; கொசுவலையில் சலித்து மிச்சத்தைக் கொட்டினார்கள். பன்றி உப்புக்கண்டம் நாறியது. கிராண்ட் கேன்யனின் அடியாழத்தில் ஹாக்கின்ஸ் ஆப்ப சோடாப் பையை ஒரு பாறைமேல் வைத்தார். படகின் கயிறு அசைந்து அதை ஆற்றில் தள்ளியது. அன்றிலிருந்து உப்பாத ரொட்டி, உலர்ந்த ஆப்பிள், காப்பி. மேஜரோ ஒவ்வொரு பாறை அடுக்கையும் பார்த்துப் பரவசப்பட்டார். நிலவியல் கிடைத்தால் அவருக்குச் சோறும் வேண்டாம், கூரையும் வேண்டாம், எங்களுக்கு அந்த வியாதி அவ்வளவு முற்றவில்லை என்கிற தொனியில் பிராட்லி எழுதி வைத்திருக்கிறார். இந்த நாட்குறிப்பைக் கூட இருந்தவர்களுக்கே தெரியாமல் எழுதினார். 1947-ல்தான் அச்சேறியது.

ஆகஸ்ட் 26. மனிதர் கண்டறியாத மர்மப் பிரதேசம் என்று மேஜர் வர்ணித்த பள்ளத்தாக்கில் பரங்கிக்காய் காய்த்துக் கிடந்தது. பூர்வகுடிகளின் தோட்டம். வீரர்கள் காயைப் பறித்துப் படகில் போட்டு, தோட்டக்காரர் வருமுன் கம்பி நீட்டினார்கள். கொஞ்ச தூரம் போய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். பயணத்திலேயே சிறந்த விருந்து அதுதான். யாரோ நீர் பாய்ச்சி வளர்த்த காயைத் திருடித் தின்றுகொண்டே அந்த இடத்தை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று எழுத எவ்வளவு பசி வேண்டும்!

இரண்டு நாள் கழித்து ஒரு கொடிய பாய்ச்சல் குறுக்கே வந்தது. ஹௌலண்ட் சகோதரர்களும், வேட்டைக்காரர்களில் ஒருவரான பில் டன்னும் படகில் ஏற மறுத்தார்கள். பாய்ச்சலுக்குப் பயந்தார்களா, மேஜரோடு மனக்கசப்பா என்பதற்குப் மற்றவர்கள் பின்னாளில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். மூவரும் துப்பாக்கியோடு மேட்டில் ஏறிப் போனார்கள், கொல்லப்பட்டார்கள். பூர்வகுடியினர் என்று ஒரு கதை, மோர்மன் குடியேறிகள் என்று இன்னொரு கதை. இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

மற்ற ஆறு பேர் எம்மா டீன் படகைக் கரையில் விட்டுவிட்டு, இரண்டு படகில் பாய்ச்சலைக் கடந்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று வெர்ஜின் ஆற்றின் சங்கமத்தில் சிலர் வலைபோட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த பலகையோ சடலமோ மிதந்து வந்தால் பார்த்துச் சொல்லும்படி அவர்களுக்கு மேலிடத்து உத்தரவு. வந்ததோ பசித்த ஆறு பேர். நல்லவேளையாக மறுநாள் வண்டியில் முலாம்பழம் வந்தது. இதற்குள் ரிஸ்டன் என்றொரு ஆசாமி, எல்லாரும் மூழ்கிவிட்டார்கள், நான் ஒருவன்தான் தப்பினேன் என்று பத்திரிகைகளில் அழுது தீர்த்திருந்தார். அவர் அந்தப் படகுகளில் ஏறியதே இல்லை. அவர் சொன்ன தேதிகள் ஒத்துவரவில்லை என்று எம்மா டீன்தான் கதையை உடைத்தார்.

1871-ல் மேஜர் மறுபடி கிளம்பினார். இம்முறை மைத்துனர் தாம்ப்சன், ஒன்றுவிட்ட தம்பி கிளெம் என்று உறவு கூடியது. படகின் நடுத்தட்டில் ஒரு கைவைத்த நாற்காலியைக் கட்டி அதில் அமர்ந்துகொண்டார். ஆறு அமைதியாக ஓடும்போது கவிதை வாசித்துக் காட்டுவார், மற்றவர்கள் துடுப்புப் போடுவார்கள். 1875-ல் வந்த புத்தகத்தில் இந்த இரண்டாம் பயணத்தின் அனுபவங்களை எடுத்து முதல் பயணத்தோடு கலந்துவிட்டார். இரண்டாம் முறை வந்தவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி இல்லை. அவர் ரசித்து எழுதிய க்ளென் பள்ளத்தாக்கை 1963-க்குப் பிறகு அணைநீர் மூழ்கடித்தது. அந்த ஏரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இப்போது மேஜர் பயணம் தொடங்கிய அதே கிரீன் ஆற்றில், யூட்டாவின் லேபிரிந்த் பள்ளத்தாக்கில், குழந்தை குட்டிகளோடு கயாக் தள்ளி நாலைந்து நாள் மணல்திட்டில் கூடாரம் போட்டுத் தூங்கி வருகிறார்கள். அங்கே பாய்ச்சல் இல்லை, அனுமதிச்சீட்டு உண்டு. கழிப்பறைப் பெட்டியைக் கொண்டுபோய், நிரம்பியதைச் சுமந்து திரும்ப வேண்டும். இந்த விதி மேஜருக்கு இல்லை. நீங்கள் போவதாக இருந்தால், தலைக்கு ஓர் உயிர்காப்பு அங்கி எடுத்துக்கொள்ளுங்கள், ஆப்ப சோடாவைக் கயிற்றுப் பக்கம் வைக்காதீர்கள். படிக்க மேஜரின் புத்தகம் வேண்டாம், பிராட்லியின் நாட்குறிப்பைக் கொண்டுபோங்கள்.