கடைமடைக்குப் படம் பாயாமை: ஓர் ஆய்வு

துணிபு. ஸ்ட்ரீமிங்கை அமெரிக்காவில் கண்டுபிடித்ததாக உலகம் நம்புகிறது. தவறு. 1895-இல் முல்லைப் பெரியாற்றில் அணை கட்டி, மலையைக் குடைந்து, மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பியபோதே அது கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டது. தேக்குவது ஓரிடம், பாய்வது வேறிடம். வீட்டு மீடியா சர்வருக்கும் இதுவே இலக்கணம்.

களம். கம்பத்தில் இவ்வாய்வாளரின் மாடிவீடு. அணை: பழைய லேப்டாப்பும் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும். மதகு: 2018-இல் எம்பி (Emby) என்ற மீடியா சர்வர் மென்பொருளிலிருந்து பிரிந்த இலவச மென்பொருளான ஜெல்லிஃபின். கடைமடை: மாடிப் பின்னறையில் அப்பத்தாவின் டிவி. தேக்கிய சரக்கு: கேசட்டிலிருந்து மீட்ட மூன்று கல்யாணம், ஐந்து காதுகுத்து, செல்போனில் எடுத்த கிடாவெட்டு ஒன்று.

நீர்மட்டத் தகராறு. பெரியாறு அணையில் 136 அடியா, 142 அடியா என்ற வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 என்றது. இங்கே இரண்டாவது டிஸ்க் கேட்டுப் போட்ட மனுவுக்கு, “இருக்குறத மொதல்ல நெறைங்க, பெறகு பாப்போம்” என இல்லத்தரசி இடைக்கால உத்தரவு பிறப்பித்துள்ளார்.

சிக்கல். கிடாவின் மேல் தண்ணீர் தெளித்தாயிற்று. அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். அந்த நொடியில் படம் நின்று வட்டம் சுற்றியது. “கெடா இன்னும் சிலுப்பலையாடா?” என்று அப்பத்தா கால்மணி நேரம் கையெடுத்துக் கும்பிட்டபடி இருந்தார்.

முதல் ஐயம். எச்.265 முறையில் சுருக்கிய இந்தக் கிடாவெட்டு வீடியோ உப்புக்கண்டம் போன்றது. இடம் கொஞ்சமாகப் பிடிக்கும். பல்லுள்ள புதுக் கருவி அப்படியே மெல்லும். பல்லில்லாத பழைய டிவிக்கு ஊறவைத்துக் குழைய வேகவைத்துத் தர வேண்டும். இச்சமையலுக்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். அடுப்பாகக் கொதிப்பது லேப்டாப். ஆனால் பல்லுள்ள செல்போனை மாடிக்குக் கொண்டுபோனாலும் படம் நின்றது. கீழே ரூட்டர் அருகே வந்ததும் ஓடியது. ஆகவே சமையல் நிரபராதி.

இரண்டாம் ஐயம். இன்டர்நெட் வேகம் போதவில்லை என்று பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார் மைத்துனர். படம் வீட்டுக்குள்ளேயே கிளம்பி வீட்டுக்குள்ளேயே சேர்கிறது. தெருவில் எத்தனை வேகம் வந்தால் என்ன?

கண்டறிந்தது. அந்த வீடியோவுக்கு நொடிக்கு சுமார் 8 மெகாபிட் வேண்டும். இரண்டு சுவரும் ஒரு கான்கிரீட் தளமும் தாண்டுவதற்குள் வைஃபை சொட்டு நீராகிவிடுகிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில், தண்ணீர் வராத கடைசி வயல்காரர் மண்வெட்டியோடு வாய்க்கால் பார்க்கத்தான் போவார்; இன்னோர் அணை கட்டக் கிளம்ப மாட்டார். படித்த இவ்வாய்வாளருக்கு அது தோன்ற மூன்று வாரம் ஆனது.

முடிவு. மாடிப்படி ஓரமாக நெட்வொர்க் கேபிள் இழுத்து டிவியின் முதுகில் செருகப்பட்டது. கிடா சிலுப்பியது. அப்பத்தா குலவையிட்டார். எனவே அன்பர்களே, அடுத்த டிஸ்க் வாங்கும் முன் வயரை இழுங்கள்.