எச்சரிக்கை அடக்கியல்: ஓர் உரைக்குறிப்பு

பில்டு ஓடும்போது கம்பைலர் சொல்லும் எச்சரிக்கைகளை யார் படிக்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் பொருள். யாருமில்லை என்பது முடிவு. முடிவு கிடைத்துவிட்டது என்பதற்காக ஆய்வை நிறுத்துவது அறிஞர் மரபன்று.

ஜிசிசியில் பிழை சிவப்பு, எச்சரிக்கை ஊதா. சிவப்பு பில்டை நிறுத்தும். ஊதா திரையில் ஏறி மறையும். ‘டபிள்யூ ஆல்’ என்று கொடுத்தாலும் எல்லா எச்சரிக்கையும் வராது. ‘டபிள்யூ எக்ஸ்ட்ரா’ தனி. எல்லாவற்றுக்கும் மேல் எக்ஸ்ட்ரா எங்ஙனம் எனின், ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்று சொல்லிவிட்டுக் கரண்டுக்குத் தனியே வாங்கும் கல்யாண மண்டபத்தாரைக் கேட்டறிக.

இனி அடக்கும் முறை. பயன்படாத மாறிக்கு முன் ‘வாயிட்’ போட்டால் போதும். ஆனால் ‘இதன் விடையைக் கட்டாயம் பார்’ என்று குறித்த ஃபங்ஷனிடம் அந்த வாயிட் செல்லாது, ஜிசிசி மசியாது. விடையை ஒரு மாறியில் வாங்கி, பிறகு அம்மாறியை வாயிட் ஆக்குக என்பது ஆன்றோர் கண்ட வழி. விடையை அப்போதும் யாரும் பார்ப்பதில்லை என்க.

அடக்கும் கலையின் உச்சம் 2003 நவம்பரில் நிகழ்ந்தது. லினக்ஸ் கர்னலின் சிவிஎஸ் பிரதியில் யாரோ இரண்டு வரி நுழைத்தார். பயனர் எண் பூச்சியமா என்று ஒப்பிடுவதுபோல் தோற்றம். உள்ளே ஒற்றைச் சமக்குறி. ஒப்பீடன்று, பூச்சியமாக்கும் கட்டளை; வந்தவர் ரூட் ஆகிவிடுவார். ‘இஃப்’புக்குள் ஒற்றைச் சமக்குறியைக் கண்டால் கம்பைலர் முணுமுணுக்கும். அதைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி கூடுதலாக இருந்தால், தெரிந்தேதான் எழுதியிருக்கிறார் என்று சும்மா இருந்துவிடும். நுழைத்தவர் அந்த அடைப்புக்குறியை மறக்கவில்லை. மூலப் பிரதியோடு பொருந்தாததால்தான் பிடிபட்டது.

எச்சரிக்கையையே பிழையாக்கும் ‘டபிள்யூ எரர்’ இருக்கிறதே எனின், இருக்கிறது. 2021 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் கர்னலின் எல்லா பில்டுக்கும் அதை இயல்பாக்கினார். பல பில்டுகள் உடைந்தன. சில நாளிலேயே சோதனை பில்டுகளோடு நிறுத்திக்கொண்டார். கம்பைலர் பதிப்பு ஏறினால், தொடாத கோடிலும் புது எச்சரிக்கை முளைக்கும். ஆகவே சிஐயில் கம்பைலர் பதிப்பைப் பூட்டி, அங்கு மட்டும் ‘டபிள்யூ எரர்’ வைப்பதே என் கட்சி. வெளியே கொடுக்கும் சோர்ஸில் வைப்பது, முகம் தெரியாதவர் பில்டை உடைக்கும் வேலை.

பழைய எச்சரிக்கைகளைக் கோப்பில் பதிந்துவைத்துப் புதியதை மட்டும் தடுப்பாரும் உளர். நல்ல முறைதான். ரிலீஸ் அன்று மாலை, புதியதையும் அக்கோப்பில் சேர்த்து ஒரு கமிட் வரும். ரிவ்யூவர் அப்ரூவல் கொடுத்திருப்பார். கேட்டால், டெஸ்ட் எல்லாம் பாஸ் என்பார்.