பரண் மேல் ஒரு சுருக்குப்பை

அண்ணாச்சி, என் மாமியார் பரணில் சுருக்குப்பையில் மொச்சை, கறுப்பவரை, தம்பட்டை அவரை விதைகளை முடிந்து வைத்திருந்தார். எட்டு வருஷம் ஆகிவிட்டது. இனி முளைக்குமா?
*(திருத்தங்கல் வாசகி)*

பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தாயி! சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நமத்துப்போன வெடி புஸ்ஸாகும். நமத்துப்போன விதையும் அப்படியே. விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் இன்னொரு மடங்கு கூடும் என்று ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிஞர் கணக்குச் சொன்னார். எந்த வறண்ட காற்றை நம்பித் தீப்பெட்டியும் பட்டாசும் நம் ஊரில் வேர்பிடித்தனவோ, அதே காற்றுதான் உங்கள் பரணையும் காத்திருக்கிறது. வெக்கைதான் நமக்கு எதிரி.

முதலில் விதைகளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். அவரை, மொச்சை விதையின் விளிம்பில் வெள்ளை வெளேரென்று ஒரு முகடு ஓடும், அதுதான் கண். பக்கத்தில் குண்டூசி குத்தியது போல வட்ட ஓட்டை தெரிந்தால் வண்டு தின்று வெளியேறிவிட்டது, தள்ளிவிடுங்கள். நல்லதில் பத்தை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். துணி காயக்கூடாது, தண்ணீரும் சொட்டக்கூடாது. ஒரு வாரத்தில் ஐந்தாறு முளைவிட்டால் தாராளமாக விதைக்கலாம். இரண்டே முளைத்தாலும் கவலையில்லை. அந்த இரண்டைத் தொட்டியில் ஊன்றிக் காப்பாற்றினால், தை மாசியில் கை கொள்ளாத விதை கிடைக்கும். தம்பட்டை அவரைக்குத் தோல் தடிப்பு. கண்ணுக்கு எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி ஊறப் போடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: மொத்தத்தையும் ஒரே வருஷத்தில் விதைக்காதீர்கள். மழை ஏமாற்றினால் அந்த ரகமே உங்கள் வீட்டோடு முடிந்துவிடும். பாதி பையிலேயே இருக்கட்டும்.

சித்திரையில் அவரை போட்டேன். கொடி மொட்டைமாடிக்கே ஏறிவிட்டது, ஒரு பூ இல்லை. கண்பட்டுவிட்டதோ?
*(சாத்தூர் வாசகர்)*

கண்ணும் படவில்லை, காத்தும் கருப்பும் அடிக்கவில்லை. நாட்டு அவரை பகல் சுருங்கினால்தான் பூக்கும். அதனால்தான் அதற்குப் பட்டத்து அவரை என்று பெயர். ஆடியில் ஊன்றினாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பூ வரும். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும் நாள்களில் பந்தலில் ஊதாப் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும். தைப்பொங்கலுக்குப் பச்சை மொச்சை வந்து சேர்வதும் இந்தக் கணக்கில்தான். உங்கள் கொடியை வெட்டாமல், சாணி உரத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். ஊட்டம் மிஞ்சினால் இலைதான் கொழுக்கும்.

ஆலையில் மருந்து வந்த காலி டிரம் இருக்கிறது. அதில் கொடி வளர்க்கலாமா?
*(சிவகாசி தொழிலாளி)*

வேண்டாம் தம்பி, கழுவினாலும் வேண்டாம். பச்சை வெளிச்சம் தரும் பேரியம் நைட்ரேட் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியத்தையே தடை செய்தது. எந்த டிரம்மில் எது வந்ததென்று யார் கண்டது? பிள்ளைகள் தின்னும் காய் அதில் காய்க்க வேண்டாம். ஓட்டைச் சிமெண்டுத் தொட்டியோ, கரிசல் மண்ணும் மணலும் கலந்த சாக்கோ போதும்.

மூக்குத்தி அவரை விதை கிடைத்தது. அதுவும் அவரைதானா?
*(அருப்புக்கோட்டை வாசகி)*

பெயரில் மட்டும். அது ஊமத்தம்பூப் போலப் பூக்கும் தாளிக்கொடி இனம். நாம் சமைப்பது அதன் காயையல்ல, பூவைத் தாங்கும் தடித்த காம்பை! அவரை என்ற பெயரை நம்பி எல்லாவற்றையும் ஒரே மாதிரிச் சமைக்கவும் கூடாது: முதலில் சொன்ன தம்பட்டை அவரையில் பிஞ்சு மட்டுமே பொரியலுக்கு ஆகும். முற்றிய விதையில் நச்சுத்தன்மை உண்டு, சுண்டலுக்கு ஆசைப்படாதீர்கள்.

இரண்டாயிரம் வருஷத்து அவரை விதை முளைக்குமா?
*(ராஜபாளையம் மாணவர்)*

இஸ்ரேலில் மசாதா கோட்டையில் கிடைத்த, சுமார் 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை 2005-இல் முளைத்தது. மெத்தூசலா என்று பெயரிட்டார்கள். அவரைக்கு அந்த ஆயுள் கிடையாது. எகிப்து மம்மியின் கல்லறையில் கிடைத்த பட்டாணி முளைத்தது என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் புறநானூற்றில் மாங்குடி கிழார் வரகு, தினை, கொள்ளோடு அவரையையும் உணவாக எண்ணியிருக்கிறாரே! அத்தனை காலம் எந்தப் பெட்டகமும் அதைக் காக்கவில்லை. பெயர் தெரியாத பெண்கள் வருஷா வருஷம் ஊன்றி, பறித்து, முடிந்துவைத்துத்தான் அது நம் கைக்கு வந்தது.

விதைக்கு எந்தக் காயை விடுவது?
*(விருதுநகர் வாசகர்)*

நோயில்லாத கொடியில் முதலில் காய்க்கும் திரட்சியான காய்களைத் தொடாதீர்கள். கொடியிலேயே நெற்றாகி, ஆட்டினால் சலசலக்க வேண்டும். மழை வருகிற மாதிரி இருந்தால் பறித்து நிழலில் தொங்கவிடுங்கள். உரித்த விதை பல்லுக்கிடையில் அமுங்காமல் 'டக்'கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. சாம்பலில் புரட்டி, சுத்தமான பாட்டிலில் அடைத்து, ரகமும் வருஷமும் எழுதி ஒட்டுங்கள். அடுப்படிப் பக்கம் வைக்காதீர்கள். ஒரு கைப்பிடியை அடுத்த தெருவில் கொடுத்துவையுங்கள். உங்களுக்கு விளையாத வருஷம் போய்க் கேட்டு வாங்கலாம்.