மூன்றாவது நடிகருக்கு ஒரு மடல்

பெருமதிப்பிற்குரிய அரங்க மேலாளர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாலை 7.20 மணிக்கு எங்கள் மேடையில் நடந்த தங்கள் அரங்கேற்றத்துக்கு முதற்கண் வாழ்த்துகள். எட்டு மாதம் ஒத்திகை பார்த்த எங்களுக்கு விழாத கைதட்டல், ஒரு நாள்கூட ஒத்திகை பார்க்காத தங்களுக்கு விழுந்தது. சிலருக்குக் கலை கூடவே பிறக்கிறது.

எங்கள் நாடகத்தில் இரண்டே பேர். அப்பா, மகன். அம்மா செத்துப் பதினாறாம் நாள். அப்பா பீரோவிலிருந்து அம்மாவின் புடவையை எடுத்து மடிக்கப் பார்க்கிறார். ஆறு கஜத்தை ஒற்றை ஆளாக மடிப்பது எவ்வளவு பாடு என்பது கொடியிலிருந்து துணி எடுத்தவர்களுக்குத் தெரியும். மறுமுனை தரையில் கிடக்கிறது. மகன் அதைப் பார்த்தபடி நிற்கிறான். வசனம் கிடையாது. ஒரு நிமிடம் நாற்பது வினாடி மௌனம். அது முடியும்போது மகன் குனிந்து அந்த முனையை எடுக்க வேண்டும். நாடகமே அவ்வளவுதான்.

ஒரு நிமிடம் பத்தாவது வினாடியில், கையில் கார்ட்லெஸ் மைக்கோடு வலப்பக்கத்து விங்ஸிலிருந்து தாங்கள் பிரவேசித்தீர்கள். “வெள்ளை கலர் ஸ்விஃப்ட் டிசையர், கேட்டை மறிச்சு நிக்குது, உடனே வந்து எடுக்கவும்.” அதோடு விட்டீர்களா? காலில் ஏதோ தட்டுகிறதே என்று குனிந்து, புடவை முனையை எடுத்து, தூசி தட்டி, கையில் பிடித்துக்கொண்டே வண்டி எண்ணைப் படித்தீர்கள். இரண்டு தரம். கூட்டம் விசிலடித்தது. மகன் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் வேலையைத்தான் தாங்கள் முடித்துவிட்டீர்களே!

ஆகவே தங்களை எங்கள் மூன்றாவது நடிகராக அறிவிக்க நினைத்தோம். ஆனால் சீனியாரிட்டி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

விண்ணப்பப் படிவத்தில் ‘நடிகர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் நான் 2 என்று எழுதியதும், தங்கள் அலுவலகத்து மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ரெண்டு பேர் பேசிக்கிட்டா அது நாடகமா சார்? எங்க வீட்டுலயே தினம் நடக்குதே.” இந்த ஒரு வசனத்துக்காகவே மூன்றாவது இடத்தை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். தாங்கள் நான்கு.

அதே படிவம் காவல் நிலையத்தின் தடையில்லாச் சான்றையும் நாடகப் பிரதி மூன்றையும் கேட்டது. எம்.ஆர். ராதா காலத்து 1954ஆம் வருஷத்து நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது, பரீக்‌ஷா ஞாநி போட்ட வழக்கு அது என்று தீர்ப்பு நகலை நீட்டினேன். “சட்டம் மாறியிருக்கலாம் சார், ஃபாரம் மாறலியே” என்றீர்கள். போனேன். ஏட்டையா கேட்டார்: “கதையில போலீஸ் வருதா?” “இல்லீங்க, அப்பாவும் மகனும்தான்.” “அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?” எனக்கும் தெரியவில்லை என்றேன். பரிதாபப்பட்டு முத்திரை குத்தினார். ஏட்டையா நான்கு. தாங்கள் ஐந்து.

எலெக்ட்ரீஷியனை விட முடியுமா? 500 ரூபாய் பேட்டா வாங்கிக்கொண்டு பிளாக் அவுட் கொடுத்தார். திரும்ப விளக்கைப் போடத்தான் ஆளைக் காணோம். கிரீன் ரூம் சாவி வாட்ச்மேனிடம்; வாட்ச்மேன் டீக்கடையில். அப்பா வேடக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து தலைக்கு வெள்ளை பூசிக்கொண்டார். அரங்கத் தலைவரோ குத்துவிளக்கு ஏற்றிய கையோடு, தாம் சிவாஜியை நேரில் பார்த்த கதையை 25 நிமிடம் சொன்னார். நாடகமே 60 நிமிடம். ஆக, எலெக்ட்ரீஷியன் ஐந்து, வாட்ச்மேன் ஆறு, தலைவர் ஏழு. தாங்கள் எட்டு. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் 43 பேர். தங்கள் அரங்கில் இன்னும் நாலு இலாகா இருந்திருந்தால் மேடை அவர்களை எட்டிப் பிடித்திருக்கும்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய காலத்தில், படித்து உத்தியோகம் பார்ப்பவன் வேஷம் கட்டலாமா என்று ஊர் முகம் சுளித்தது. இன்று அந்தக் குறை தீர்ந்தது. உத்தியோகம் இருப்பவன்தான் வேஷம் கட்ட முடியும். இல்லாவிட்டால் தங்கள் வாடகையையும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் யார் கட்டுவது? 500 ரூபாய் வரையிலான நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. எங்கள் டிக்கெட் 200 ரூபாய். அந்தச் சலுகையை 43 பேரோடு சேர்ந்து ஆனந்தமாக அனுபவித்தோம்.

டெபாசிட் 5,000 ரூபாயில் 3,200 திரும்பி வந்தது. மேடையில் செலோடேப் ஒட்டியதற்கு 800. நேரம் கடந்த 12 நிமிடத்துக்கு 1,000. தலைவரின் சிவாஜியும் தங்களின் ஸ்விஃப்டும் எங்கள் கணக்கில்.

ஐயா, அப்பாவாக நடித்தவர் ஒரு வங்கிக் குமாஸ்தா. வாரம் மூன்று நாள் வேலை முடிந்து தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து ஒத்திகைக்கு வந்தார். அந்தப் புடவை அவருடைய அம்மாவுடையது. ஒரு வண்டியை நகர்த்தச் சொல்ல இந்த மேடைதான் கிடைத்ததா? யாரும் பேசவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிட்டீர்கள். நடந்துகொண்டிருந்தது ஐயா. அந்த மாலை முழுவதிலும் அது ஒன்றுதான் நடந்துகொண்டிருந்தது.

மன்னிக்கவும். எட்டாவது நடிகரிடம் இப்படிக் குரல் உயர்த்துவது மேடை மரியாதை அல்ல.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு இதே நாடகத்தை மறுபடி போடுகிறோம். தங்கள் அரங்கை விட்டால் இந்த வாடகைக்கு எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்பது தங்களுக்கும் தெரியும். விண்ணப்பம் இணைத்துள்ளோம். ‘நடிகர் எண்ணிக்கை’ கட்டத்தில் இம்முறை ஒழுங்காக 8 என்றே எழுதியிருக்கிறோம். ஏட்டையாவுக்கும் சொல்லியாயிற்று. தாங்கள் தாராளமாக மேடைக்கு வரலாம். ஆட்டோ, பைக், எந்த வண்டியை வேண்டுமானாலும் அறிவிக்கலாம்.

ஒரே ஒரு விண்ணப்பம். அந்தப் புடவை முனையை மட்டும் தரையிலேயே விட்டுவிடுங்கள். அதை எடுக்க எங்களிடம் ஆள் இருக்கிறான். அவனுக்கு இன்னும் முப்பது வினாடி வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
தங்கள் நடிப்பின் பணிவான ரசிகன்,
இயக்குநர் (மேடையில் இடம் கிடைக்காதவன்)